துணியா, வளையமா, கயிறா? அந்தரக் கலையில் முதல் கருவி

அந்தரத்தில் தொங்கி ஆடும் ஏரியல் கலைகளைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, 'எது சுலபம்?' என்பதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு நேரான விடை கிடையாது. மேலிருந்து தொங்கும் ஒவ்வொரு கருவியும் நம்மிடம் ஒரு விலை வாங்குகிறது. சில கருவிகள் அதை முன்பணமாக வாங்குகின்றன. சில, முதலில் கடன் கொடுத்து மகிழ்வித்துவிட்டுப் பிறகு வட்டியோடு வசூலிக்கின்றன. எது, எதை, எப்போது கேட்கிறது என்று தெரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதியை உங்கள் ஊர்ப் பயிற்சிக் கூடத்தின் கூரை உயரம் முடிவு செய்துவிடும்.

பலரை இந்தப் பக்கம் இழுத்து வருவது துணிதான். உயரத்திலிருந்து சிவப்பாக இரண்டு துணிகள் தொங்க, ஒருவர் அதில் ஏறி, உடலைச் சுற்றி முறுக்கி, கையை விட்டுச் சரேலென்று உருண்டு இறங்கித் தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் நிற்கும் காட்சி. ஏரியல் சில்க்ஸ் என்று பெயர். ஆனால் பட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் நைலானில் பின்னப்பட்ட, சற்றே இழுபடும் துணி இது. நெய்த துணியில் ஓர் இடத்தில் கிழிசல் விழுந்தால் அது ஓடிக்கொண்டே போகும். பின்னிய துணி அப்படிச் சட்டென்று விட்டுக்கொடுப்பதில்லை. வீட்டில் இருக்கும் பட்டுப் புடவையைக் கட்டித் தொங்கலாமா என்று விளையாட்டாகக் கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

பார்த்தால் ஏதோ தொன்மையான கலை போலத் தோன்றும் இந்தத் துணி, அந்தரக் கருவிகளில் இளையவற்றில் ஒன்று. சர்க்கஸ் மேடைகளில் அது பரவலானது 1990களில்தான். 1996-இல் மொன்ட்ரியாலில் அரங்கேறிய, சர்க் டு சொலே என்ற கனடா சர்க்கஸ் நிறுவனத்தின் 'கிடாம்' நிகழ்ச்சியில் இடம்பெற்ற சிவப்புத் துணி ஆட்டம் அதை உலகறியச் செய்ததில் முக்கியமானது. இரு கயிறுகளில் தொங்கும் கம்பியான டிரபீஸ் அதைவிட மிக மூத்தது. பிரான்சின் துலூஸ் நகரைச் சேர்ந்த ஜூல் லெயோட்டார், 1859 நவம்பர் 12 அன்று பாரிஸில் ஒரு டிரபீஸிலிருந்து இன்னொன்றுக்குப் பறந்து காட்டினார். அவர் அணிந்த இறுக்கமான உடைக்குத்தான் இன்றும் 'லியோடார்ட்' என்று பெயர். கயிற்றின் வயதைச் சொல்லவே வேண்டாம்.

இந்த மூப்பு வரிசை வெறும் வரலாற்றுச் செய்தி அல்ல. துணி பிரபலமானதற்கு அழகு ஒரு காரணம், அமைப்பு இன்னொரு காரணம். நடுவில் மடித்து ஒரே புள்ளியில் தொங்கவிட்டால் இரண்டு வால்கள் கிடைக்கின்றன. அவற்றைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், பாதத்தில் சுற்றிப் பூட்டலாம், இடுப்பில் முடிச்சாக்கலாம். இழுத்து விரித்தால் சிறகு. ஒற்றைக் கயிற்றில் இதில் பாதி நடக்காது. கற்றுக்கொள்ளத் தீராத கருவி என்று துணியைச் சொல்வது மிகையில்லை.

ஆனால் துணி முன்பணம் கேட்கும் கருவி. தரையில் நிற்கும்வரை அது வெறும் திரைச்சீலை. அதில் எதையாவது செய்ய முதலில் ஏற வேண்டும். துணி ஒரு காலின் வெளிப்புறமாக இறங்கிப் பாதத்தைச் சுற்றி வர, மற்றப் பாதம் அதை மேலிருந்து மிதித்துக் கவ்வும். அந்தப் பிடியின் மேல் எழுந்து நின்று, கைகளை மேலே மாற்றி, முழங்கால்களை மறுபடி மடக்க வேண்டும். சொல்லும்போது எளிது. முதல் வகுப்பில் பலருக்குப் பாதப் பிடி வழுக்கும். காலால் ஏற வேண்டியதைக் கையால் ஏற முயன்று, இரண்டு எட்டில் முன்னங்கை கல்லாகி இறங்கிவிடுவார்கள். அடுத்து வருவது பாதப் பூட்டு. துணியைப் பாதத்தில் சுற்றி அதன்மேல் முழு எடையையும் நிறுத்தும்போது பாதத்தின் மேற்புறத்தில் ஒரு வலி வரும்; யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருக்கும். சில வாரங்களில் பாதம் பழகிவிடும். அந்தச் சில வாரங்களில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

வளையம் இதற்கு நேர் எதிர். லைரா என்றும் ஏரியல் ஹூப் என்றும் அழைக்கப்படும் இது, சுமார் 25 மில்லிமீட்டர் குழாயில் செய்த எஃகு வட்டம். பொதுவாக 85 முதல் 105 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். வழுக்காமலிருக்கத் துணி நாடா சுற்றியிருப்பார்கள். மார்பளவில் தொங்கவிட்டால், முதல் நாளே இரண்டு முழங்கால்களையும் கம்பியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கலாம். பிறகு ஏறி உட்காரலாம். வட்டத்தின் ஒரு பக்கம் முதுகைச் சாய்த்து, எதிர்ப்பக்கம் பாதங்களை வைத்து அமர்ந்தால், பிறைக்குள் ஓர் ஆள் அமர்ந்திருப்பது போன்ற தோற்றம் வந்துவிடும். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பலாம். வளையம் கொடுக்கும் கடன் இதுதான். இரும்பு தானாகவே வடிவத்தைப் பிடித்துக்கொள்வதால், உங்கள் உடல் அதற்குள் சாய்ந்தாலே பார்க்க அழகாக இருக்கிறது.

வசூல் இரண்டாம் மாதம் தொடங்கும். வளையத்தின் மேல்வளைவுக்குப் போகும்போதும், கீழிருந்து கால்களை விரித்துத் தூக்கித் தலைகீழாகப் புரளும்போதும் துணி முதல் வாரத்திலேயே கேட்ட அதே தோள் வலுவை வளையமும் கேட்கிறது. இதற்கிடையில் முழங்காலின் உட்புறம், இடுப்பெலும்பு, முதுகுத்தண்டின் ஓரம் என்று நீலநீலமாகத் தடயங்கள். இரும்பு வளைந்து கொடுக்காது. சதைதான் வளைந்து கொடுக்க வேண்டும். போதாக்குறைக்கு அது சுழலும். ஊஞ்சலில் நாலு சுற்றுக்கே தலை கிறுகிறுக்கும் ஆளாக இருந்தால், சுழற்சியை வகுப்பின் கடைசிக்குத் தள்ளிவைக்கும்படி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பழக்கத்தில் இது பெரும்பாலும் குறையும். எல்லாருக்கும் ஒரே வேகத்தில் குறைவதில்லை.

என் கணிப்பில், முதல் கருவியாக அதிகம் புறக்கணிக்கப்படுவது டிரபீஸ். சர்க்கஸ் என்றதும் நம் மனத்தில் பார் விளையாட்டுதான் வருகிறது: கூடாரத்தின் உச்சியில் பறப்பவர், எதிரே தலைகீழாகத் தொங்கியபடி பிடிப்பவர், கீழே வலை. தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய பிறகு, இந்திய சர்க்கஸின் கலைஞர்களில் பலர் அந்த வட்டாரத்திலிருந்தே வந்தார்கள். தமிழ்நாட்டுத் திடல்களில் நாம் அண்ணாந்து பார்த்த பார் விளையாட்டுக்கும் அந்த ஊருக்கும் உறவு உண்டு. ஆனால் பறக்கும் டிரபீஸ் வேறு, தொடக்கநிலையினர் கற்கும் நிலை டிரபீஸ் வேறு. இதில் பறத்தல் இல்லை. இரண்டு கயிறுகளுக்கு நடுவே ஒரு குட்டையான கம்பி, அவ்வளவே. உட்காரலாம், நிற்கலாம், முழங்காலில் தொங்கலாம். இரு புள்ளிகளில் தொங்கவிட்டால் வளையம் போலச் சுழன்று தலையைச் சுற்றவைக்காது. கயிறுகள் உடலுக்கு இருபுறமும் இருப்பதால், வளையம் தராத கைப்பிடி எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. படத்தில் வளையம் அளவுக்கு எடுப்பாகத் தெரியாது. அதனால்தான் பயிற்சிக் கூடங்கள் இதை முன்னிறுத்துவதில்லை என்று நினைக்கிறேன். அருகில் டிரபீஸ் கற்பிப்பவர் இருந்தால் தயங்காமல் போய்ச் சேரலாம்.

தூளி என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியல் ஹம்மக், ஸ்லிங் என்ற பெயர்களில் வருவது அதே வடிவம்தான்: துணியின் இரு முனைகளும் மேலே, நடுப்பகுதி கீழே வளைந்து தொங்கும். துணியில் படும் பாதி அவதி இதில் இல்லை. ஏற வேண்டியதில்லை, உட்கார இடம் இருக்கிறது, இடுப்பைத் தாங்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்க விடுகிறது. ஏரியல் யோகா வகுப்புகளில் இருப்பதும் இதன் தாழ்ந்த வடிவமே. ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடுப்பளவில் தொங்கும் தூளியில் நீட்டி வளைந்து, கடைசியில் அதற்குள்ளேயே சவாசனம் செய்வது ஒரு பயிற்சி. உயரத்தில் கட்டிய தூளியில் ஏறி, சுற்றி, உருண்டு இறங்குவது வேறொரு பயிற்சி. இரண்டாவதுதான் உங்கள் ஆசை என்றால், முதலாவதில் ஓராண்டு கழித்தாலும் ஏறும் வலு தானாக வந்துவிடாது. துணியைத்தான் கற்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு நல்ல ஆசிரியர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள்: இரண்டு வால்களையும் கீழே முடிச்சிட்டு அதையே தூளியாக்கி, முதல் வாரங்களை அதில் ஓட்டுவது. முடிச்சில் உட்கார்ந்தபடியே தலைகீழாவதற்குப் பழகிவிட்டு, ஏறுவதைத் தனியாகப் பயிலலாம்.

ஸ்ட்ராப்ஸ் எனப்படும் தொங்கும் பட்டைகளைப் பற்றி ஒரு வரி போதும்: மணிக்கட்டில் மாட்டி முழு எடையையும் தோளில் ஏற்றும் அந்தக் கருவி, முதல் கருவி அல்ல.

கயிற்றைப் பற்றி ஒரு வரி போதாது. வெளிநாட்டுக் கூடங்களில் கயிறுதான் கடுமையான கருவி என்று பெயரெடுத்தது. பருத்தியில் முறுக்கிய, மூன்று சென்டிமீட்டருக்கும் அதிகத் தடிமனுள்ள ஒற்றைக் கயிறு. துணி போல விரியாது. பிடித்தால் கை நிறையும். வழுக்கினால் தோலை உரித்துக்கொண்டு போகும். கைமுட்டியும் அக்குளும் முழங்காலின் பின்புறமும் மூடாமல் யாரும் அதில் ஏறமாட்டார்கள். ஆனாலும் கயிற்றில் கற்றவர் துணிக்கு மாறினால், வெயிலில் நடந்தவர் நிழலுக்கு வந்தது போல் இருப்பார். துணியிலிருந்து கயிற்றுக்கு மாறுகிறவர்களின் நிலை அப்படி இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் வாழ்கிறவருக்கு இங்கே ஒரு தனி வழி இருக்கிறது. மல்லர் கம்பம். மராட்டிய மண்ணில் மல்யுத்த வீரர்களின் பயிற்சியாக வளர்ந்த இந்தக் கலைக்கு விழுப்புரம் தமிழ்நாட்டின் முக்கியமான இடம். நட்ட கம்பம், தொங்கும் கம்பம், கயிறு என்று அதில் மூன்று பிரிவுகள். கயிறு மல்லர் கம்பத்தில் கயிறு மெல்லியது, சுமார் இரண்டு சென்டிமீட்டருக்குள்தான். முன்பு பிரம்பில் செய்ததன் மாற்று வடிவம் என்பார்கள். ஏரியல் கயிற்றில் பாதங்கள் இரண்டும் சேர்ந்து கவ்வும்; இங்கே பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்து ஏறுகிறார்கள். முடிச்சுப் போடாமல் சுற்றுகளாலேயே உடலைப் பூட்டி, ஆசன நிலைகளில் நின்று காட்டுகிறார்கள். வேகமும் துல்லியமும் முதன்மை. இசைக்கேற்ற மெல்லிய அசைவுகளுக்கு இடம் குறைவு. 2019 பிப்ரவரியில் இதற்கு முதல் உலகப் போட்டி மும்பையில் நடந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் மல்லர் கம்பம் இருந்தது. வீட்டில் பத்து வயதுக் குழந்தை சில்க்ஸ் கேட்டு அடம்பிடிக்கிறது, பக்கத்தில் அதற்கு இடமில்லை, ஆனால் மல்லர் கம்பப் பயிற்சி இருக்கிறது என்றால், யோசிக்க ஒன்றுமில்லை. கேட்டது நளினம், கிடைப்பது வலு என்று முதலில் ஏமாற்றமாகத் தோன்றலாம். பிறகு துணிக்குப் போனால் அந்தக் குழந்தை ஏறிக் காட்டும்.

சரி, கூரைக்கு வருவோம். நம் ஊர் வீடுகளிலும் வாடகைக் கூடங்களிலும் தளம் பெரும்பாலும் பத்தடி, அதாவது மூன்று மீட்டர். அந்த உயரத்தில் வளையமும் தாழ்ந்த தூளியும் ஓரளவு நடக்கும். துணியில் ஏறிப் பழகவே நாலு மீட்டராவது வேண்டும்; உருண்டு இறங்கும் ஆட்டங்களுக்கு ஐந்தாறு மீட்டர் இருந்தால்தான் நிம்மதி. ஒரு கூடத்தில் வளையம் மட்டும் இருக்கிறது என்றால் பல நேரம் அது ஆசிரியரின் ரசனையல்ல, கட்டடத்தின் உயரம். கிடங்கு, பழைய ஆலை, உயர்ந்த தகரக் கொட்டகை போன்ற இடங்களில்தான் துணி வகுப்புகள் வசதியாக அமைகின்றன.

உயரத்தைவிட முக்கியமானது, மேலே எதில் தொங்குகிறது என்பது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் துணியில் அசையாமல் தொங்கினால் கூரைக்குப் போவது 60 கிலோ சுமை. அவரே ஒரு மீட்டர் தடையின்றி விழுந்து, அடுத்த 25 சென்டிமீட்டருக்குள் துணி அவரை நிறுத்தினால், சராசரியாக எடையின் ஐந்து மடங்கு விசை மேலே போகும். அதாவது 300 கிலோ. உச்சகட்டக் கணத்தில் இன்னும் கூட. மலையேற்றத்துக்கான ஒரு நல்ல காரபைனர் கொக்கி 22 கிலோநியூட்டன், ஏறக்குறைய 2,200 கிலோ தாங்கும் என்று முத்திரையிட்டு வருவது இதனால்தான். நம் வீட்டுக் கூரையில் இருக்கும் மின்விசிறிக் கொக்கி, நாலைந்து கிலோ விசிறியைத் தாங்கப் போட்டது. அதில் தூளி கட்டித் தலைகீழாகத் தொங்கும் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு ஆட்டம் தெரிவதில்லை, கொக்கிதான் தெரிகிறது. கூடத்து ஊஞ்சல் சங்கிலியும் அப்படித்தான். அது ஆடத்தான், விழுந்து நிற்க அல்ல.

1931 பிப்ரவரி 13 அன்று கோபன்ஹேகனில் லிலியன் லைட்செல் ஆடிக்கொண்டிருந்தார். அவர் காலத்து அமெரிக்க சர்க்கஸின் மிகப் பெரிய நட்சத்திரம். ஒரு கையால் கயிற்று வளையத்தைப் பிடித்தபடி, தோளை அச்சாக்கி உடலை முழுவட்டமாக வீசிச் சுழற்றுவது அவருடைய தனி முத்திரை. நூற்றுக்கணக்கில் சுற்றுவார், பார்வையாளர்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். அன்று உடைந்தது அவர் தோளோ கையோ அல்ல. கயிற்றை மேலே இணைத்திருந்த சுழல் உலோகத் துண்டு. விழுந்தவர் இரண்டு நாள் கழித்து இறந்தார். தேர்ந்த கலைஞருக்கே கருவியின் உச்சியிலிருந்த சிறு உலோகம் எமனானது. எனவே புதிதாகச் சேர்கிறவர், 'அந்த இணைப்பை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள்?' என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கேள்விக்கு முகம் சுளிக்கும் கூடத்தில் துணியும் வேண்டாம், வளையமும் வேண்டாம்.

எடை அதிகமென்று தயங்குகிறவர்களுக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. 90 கிலோவைத் தாங்க அஞ்சும் அமைப்பு, 50 கிலோ ஆளையும் ஏற்றக்கூடாத அமைப்பு. கருவிக்கு எடை ஒரு பொருட்டல்ல. தன் எடையைத் தானே இழுக்க வேண்டிய கைகளுக்குத்தான் பொருட்டு. அதனால் கனமான உடல் கொண்டவர்களுக்கும், தண்டால்கூட எடுத்துப் பழகாதவர்களுக்கும் முழங்காலை மாட்டிக்கொள்ள இடம் தரும் டிரபீஸ், வளையம், உட்கார இடம் தரும் தூளி ஆகியவை முதல் மாதங்களில் இதமானவை. அடிக்கடி தோள்மூட்டு நழுவுகிறவர், உயர் ரத்த அழுத்தமோ கண்ணழுத்த நோயோ உள்ளவர், கருவுற்றவர் ஆகியோர் தலைகீழாவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

வியர்வை என்று ஒரு விஷயம் இருக்கிறது. குளிர்நாட்டு வழிகாட்டிகளில் இதற்கு இரண்டு வரி ஒதுக்குவார்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ மே மாதம் இரும்பு வளையத்தைப் பிடித்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். வளையத்துக்குச் சுண்ணத்தூள், துணிக்கு ரோசின் பிசின் என்பது பொது வழக்கம். ரோசின் பூசிய துணி பிடிக்க நன்றாக இருக்கும்; அளவு மீறினால் ஒட்டிக்கொண்டு, உருண்டு இறங்க வேண்டிய இடத்தில் சிக்கி நிற்கும். கடலோர ஊர்களில், கை அதிகம் வியர்ப்பவருக்கு வளையத்தைவிடத் துணி ஒத்துப்போகும் என்பது என் கருத்து. கசங்கிய துணி விரல்களுக்கிடையில் மடிந்து கொடுக்கும், இரும்பு கொடுக்காது.

சொந்தக் கருவி வாங்குவதை முதல் ஆண்டு தள்ளிப்போடலாம். அதற்குப் பதிலாக, கூடம் அனுமதித்தால் இரண்டு கருவிகளில் மும்மூன்று வகுப்புகள் எடுத்துப் பார்க்கலாம். ஒரே ஒரு வகுப்பை வைத்து முடிவு செய்தால் வளையம்தான் ஜெயிக்கும். அதுதான் அன்றைக்கே கடன் கொடுக்கிறதே. மூன்றாவது வகுப்பு முடிந்த மறுநாள் காலையில் எழுந்ததும் உடலைத் தொட்டுப் பார்க்கலாம். முழங்காலின் பின்புறம் கன்றியிருந்தால் வளையம். பாதத்தின் மேற்புறம் செருப்பு மாட்ட விடவில்லை என்றால் துணி. உள்ளங்கை எரிந்து சாம்பார்க் காரம் பட்டதும் சுரீரென்றால் கயிறு. அன்று மாலையே அதே வலியின் மேல் மறுபடி ஏறச் சொன்னால் எதற்கு மனம் வருகிறதோ, அடுத்த மாதக் கட்டணத்தை அதற்குக் கட்டலாம்.